முந்நூற்று இருபத்தேழு எபிசோடுகளும் இரண்டு டிவிடி டிரைவுகளும்

2021 ஜூன் இரண்டாம் வாரத்தில், திருச்சி உறையூரில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாகக் குடியிருந்தபோது, 'சூப்பர்நேச்சுரல்' என்னும் அமெரிக்கத் தொடரின் முதல் எபிசோடைப் போட்டேன். கடைசி எபிசோடைப் பார்த்து முடித்தது 2022 ஆகஸ்டில். மொத்தம் பதினைந்து சீசன், 327 எபிசோடு. ஒன்றுக்குச் சராசரியாக 42 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 229 மணி நேரம். கையை விட்டுப் போன பணம் பதினேழாயிரத்துச் சொச்சம். ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் இந்தத் தொகைகளை என்னால் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. ஆனால் தொடங்குவதற்கு முன்பு இப்படி ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. போட்டுக் காட்டவும் யாரும் இல்லை. பேய்த் தொடர்களின் மீது எனக்கு இருக்கும் பிரியம் இன்றும் குறையவில்லை. அதே பிரியத்தோடு இதே வழியில் இறங்கப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பித்து எனக்குச் சிறு வயதிலேயே பிடித்தது. தொண்ணூறுகளில் சன் டிவியில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்திலும் நாகாவின் இயக்கத்திலும் 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு' தொடரைப் பாட்டியின் புடவைத் தலைப்புக்குள் ஒளிந்தபடியே பார்த்தவன் நான். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் பாட்டி எழுந்து கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். அந்தத் தொடர் வாரம் ஒருமுறைதான் வந்தது. அதற்கென்று ஒரு முடிவும் இருந்தது. இவ்விரண்டும் எவ்வளவு பெரிய வரம் என்பது அப்போது தெரியவில்லை. பிறகு 'எக்ஸ் ஃபைல்ஸ்' பக்கம் போனேன். அதில் 1998இல் வெளிவந்த முதல் திரைப்படம், கதைப்படி ஐந்தாம் சீசனுக்கும் ஆறாம் சீசனுக்கும் நடுவே வருவது என்று தெரியாமல், ஒன்பது சீசன்களையும் முடித்த பிறகே அதைப் பார்த்தேன். ஆறாம் சீசனின் தொடக்கத்தில் இரண்டு எபிசோடுகள் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் கழிந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. நீண்ட தொடர் எதையும் தொடங்குமுன் அதற்குத் திரைப்படமோ கிளைத்தொடரோ உண்டா, அது எந்த இடத்தில் செருக வேண்டியது என்று பார்த்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை. 'பஃபி' தொடர் பார்க்கிறவர்களுக்கு அதன் கிளைத்தொடரான 'ஏஞ்சல்' விஷயத்திலும் இதே சிக்கல் உண்டு.

இந்த முறை கவனமாக இருப்பதாக நினைத்துத்தான், முடிந்துபோன தொடராகத் தேர்ந்தெடுத்தேன். 2005 செப்டம்பரில் தொடங்கிய 'சூப்பர்நேச்சுரல்' 2020 நவம்பரில் முடிந்திருந்தது. பாதியில் கைவிடப்படும் ஆபத்து இல்லை என்பது என் கணக்கு. முதல் நான்கு மாதங்கள் நான் அனுபவித்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். காணாமல் போன தகப்பனைத் தேடி, 1967ஆம் ஆண்டுக் கறுப்பு ஷெவர்லே இம்பாலா காரில் ஊர் ஊராகச் சுற்றும் அண்ணன் தம்பி இருவர். ஒவ்வோர் ஊரிலும் ஒரு மலிவான விடுதி அறை, அந்த ஊருக்கென்று ஒரு பேய். அந்தப் பேய்களுக்கு விதிகள் இருந்தன. உப்பைத் தாண்டி வராது, இரும்பு பட்டால் கலையும், எலும்பைத் தோண்டி உப்பிட்டு எரித்தால் அடங்கும். இரவில் கறிச்சோறு எடுத்துப் போகும்போது தூக்குச் சட்டியின் மேல் அடுப்புக்கரித் துண்டு வைத்து அனுப்பும் வீட்டிலும், திருஷ்டிக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடும் வீட்டிலும் வளர்ந்தவனுக்கு இந்த விதிகளை யாரும் விளக்க வேண்டியதில்லை. கான்சாஸ் மாநிலத்துக்காரர்கள் நம் வீட்டு அடுக்களைச் சாமான்களை வைத்துக்கொண்டு பேயோட்டுவதைப் பார்க்கையில் ஏற்பட்ட நெருக்கம், பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட எத்தனையோ பேய்ப் படங்களில் எனக்குக் கிடைத்ததில்லை.

என்னுடைய முதல் தவறு இந்த இடத்தில்தான் தொடங்கியது. இத்தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி, ஐந்து சீசன்களுக்கான கதையாகவே இதைத் திட்டமிட்டிருந்தார். ஐந்தாம் சீசன் 2010இல் முடிந்ததும் தொடரை நடத்தும் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். ரசிகர்கள் எல்லாருக்கும் தெரிந்த செய்தி இது. கதையின் திருப்பம் எதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளக் கூடாது என்ற வைராக்கியத்தில் தொடரைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் இருந்த எனக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. ஐந்தாம் சீசனின் இறுதி எபிசோடு முடிந்த இரவில், முதல் எபிசோடில் விழுந்த முடிச்சுகளெல்லாம் அவிழ்ந்து, ஒரு நல்ல நாவலை மூடி வைத்த நிறைவோடு உட்கார்ந்திருந்தேன். அப்போது 104 எபிசோடு முடிந்திருந்தது. 73 மணி நேரம். எழுந்து படுத்திருக்கலாம். திரையின் மூலையில் அடுத்த எபிசோடுக்கான வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறாம் சீசன் தொடங்கிவிட்டது. கதையைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது வேறு, தொடரை உருவாக்கியவர் எந்த இடம் வரை கூட இருந்தார் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பது வேறு. பின்னதைத் தெரிந்துகொள்வதால் எந்தத் திருப்பமும் கெட்டுப்போவதில்லை.

ஆறாம் சீசனிலிருந்து என்ன ஆயிற்று என்பதில் ரசிகர்களுக்குள் பல கட்சிகள் உண்டு. நான்காம் சீசனில் தேவதூதர்கள் வந்தபோதே கெட்டுவிட்டது என்பார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. காஸ்டியல் என்னும் தேவதூதன் வந்த பிறகுதான் அண்ணன் தம்பிக்கு நடுவே பேசுவதற்குப் புதிதாக ஒன்று கிடைத்தது. என் வருத்தம் இரண்டு. ஒன்று, ஐந்தாம் சீசனிலேயே உலகத்தின் அழிவைக் காட்டியாயிற்று. அதற்குப் பிறகு வருவது எதுவானாலும் அதைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. முதல் எபிசோடில் ஒரு தாயின் சாவு இருபத்திரண்டு வருடக் கதையைத் தொடங்கி வைக்கிறது. ஒன்பதாம் சீசனுக்கு வரும்போதோ சாவு என்பது அடுத்த பேருந்து வரும் வரை நிழற்குடையில் நிற்பதைப் போல ஆகிவிடுகிறது. போனவர்கள் எப்படியும் வந்துவிடுகிறார்கள். இரண்டாவது, எட்டாம் சீசனில் அவர்களுக்கு நிலத்தடியில் ஒரு மாளிகை கிடைத்துவிடுகிறது. நூலகம், சமையலறை, ஆளுக்கொரு படுக்கையறை. ஒழுகும் விடுதி அறைகளும் இருட்டுச் சாலைகளும்தான் இத்தொடரின் பயத்துக்கு வீடாக இருந்தன. அவர்களுக்குச் சொந்த வீடு வந்த நாளிலிருந்து பயம் வீடற்றுப் போயிற்று என்பது என் எண்ணம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டால், வெட்கத்தோடுதான் பதில் சொல்ல வேண்டும். இத்தனை நேரம் செலவழித்தாயிற்று, விட்டால் அது வீணாகிவிடும் என்று தோன்றியது. நஷ்டத்தில் ஓடும் கடையை மூட மறுத்து மேலும் மேலும் கடன் வாங்கிப் போடும் கிளையன்டுகளுக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து புத்தி சொல்பவன் நான். இரவில் வீட்டுக்கு வந்து அதையே செய்தேன். தவிர, தனியாக இருப்பவனுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் பழகிய குரல்கள் கேட்பது ஒரு துணை. கதை பிடிக்காமல் போன பிறகும் பல மாதங்கள் அந்தக் குரல்களுக்காகவே போட்டு வைத்திருந்தேன் என்று இப்போது புரிகிறது.

2021 டிசம்பர் 20 அன்று, நவம்பர் மாதத்துக்கான ஜிஎஸ்டிஆர்-3பி என்னும் மாதாந்திர ஜிஎஸ்டி வரிப் படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாள். ஒரேயொரு கிளையன்டுடைய கணக்கு மட்டும் வங்கி விவரம் வராததால் பாக்கியிருந்தது. விவரம் மாலை ஏழு மணிக்கு வந்தது. வீட்டுக்குப் போய் மடிக்கணினியில் முடித்துவிடுகிறேன் என்று ஆடிட்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன். சாப்பிடும் நேரத்துக்கு ஓர் எபிசோடு என்று போட்டேன். ஏழாம் சீசன், கதை நினைவில்லை. நினைவில் இருப்பது, ஒன்று முடிந்து அடுத்தது தானாகத் தொடங்கியதும், கையில் ரசம் காய்ந்து விரல்கள் ஒட்டிக்கொண்டிருந்ததும், கை கழுவ எழுந்தபோது சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு இருபது காட்டியதும்தான். தாமதக் கட்டணமும், ஆண்டுக்கு 18 விழுக்காடு என்ற கணக்கில் ஒரு நாள் வட்டியுமாகச் சேர்ந்து 640 ரூபாய். அதை என் பையிலிருந்து கொடுத்தேன். ஆடிட்டர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் முதல் அந்தக் கணக்கை வேறொரு பையனிடம் கொடுத்துவிட்டார். எந்தத் தளத்தில் பார்த்தாலும் அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியை அமைப்புகளில் போய் நிறுத்திவிடலாம். அன்று இரவே நிறுத்தினேன். ஒவ்வொரு முறையும் நாமே பொத்தானை அழுத்த வேண்டியிருந்தால், அழுத்துவதற்கு முன் ஒருமுறை கடிகாரத்தைப் பார்ப்போம்.

கீழ் வீட்டில் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுபது வயதைக் கடந்தவர். ஒரு நாள் காலையில் தண்ணீர் மோட்டார் போட இறங்கியபோது, "ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க வீட்டுல யாரு தம்பி அப்படி அலறுறது? நான் எழுந்து உக்காந்து கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்று கேட்டார். என் உடம்பு கூசிவிட்டது. அன்று மாலையே ஒரு ஹெட்ஃபோன் வாங்கினேன். ஹெட்ஃபோனோடு பார்ப்பதில் வேறோர் ஆபத்து உண்டு: பின்னால் கேட்கும் சத்தம் நம் அறையிலா திரையிலா என்று பிரித்தறிய முடியாது. தனியாக இருப்பவர்கள் முதுகைச் சுவரில் சாய்த்து உட்காருங்கள். கதவு கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். இது கேலிக்குச் சொல்வதன்று.

எட்டாம் சீசனின் நடுவில், 2022 ஜனவரி இறுதியில், நான் ஆண்டுச் சந்தாவாக 1,499 ரூபாய் கட்டியிருந்த தளத்திலிருந்து தொடரையே எடுத்துவிட்டார்கள். முந்தைய இரவு பாதியில் நிறுத்திய எபிசோடைத் தேடினால், அப்படியொரு தொடர் இருந்ததற்கான சுவடே இல்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டதற்கு உரிமக் காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. சந்தா பாக்கி ஐந்து மாதம் இருந்தது, பணம் திரும்பவில்லை. தளங்களுக்கு இத்தகைய தொடர்கள் சொந்தமல்ல. குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரேயொரு தொடருக்காக ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். மாதச் சந்தா கூடுதலாகத் தெரிந்தாலும், தொடர் போகும் அன்று நீங்களும் கிளம்பிவிடலாம். விதி எனக்கு ஒரு நல்ல வாய்ப்பைத் தந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. நான் அதை அவமானமாக எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகள் ஊருக்கு வருவதாக இருந்தது. அவளிடம் சொல்லி, எட்டு முதல் பதினைந்து வரையிலான சீசன்களின் டிவிடி பெட்டிகளைப் பழைய விலைக்கு வாங்கி வரச் செய்தேன். 11,200 ரூபாய் ஆயிற்று. "இதைத் தூக்கிட்டு வந்ததுக்கு ரெண்டு பட்டுப் புடவை எடுத்துட்டு வந்திருக்கலாம்ண்ணா" என்றாள். முதல் வட்டை டிவிடி பிளேயரில் போட்டதும், இந்த மண்டலத்தில் இது ஓடாது என்ற அறிவிப்பு வந்து நின்றது. டிவிடிகளுக்கு மண்டல எண் உண்டு: அமெரிக்காவுக்கு 1, இந்தியாவுக்கு 5. அங்கே விற்கும் வட்டு இங்கே விற்கும் பிளேயரில் பொதுவாக ஓடாது. 1,950 ரூபாய்க்குக் கணினியில் செருகும் டிரைவ் ஒன்று வாங்கினேன், மண்டலத்தை 1க்கு மாற்றினேன், ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மாறுதலுக்காக, இங்கே கடையில் வாங்கியிருந்த பழைய பேய்ப் படம் ஒன்றைப் போட்டேன். மண்டலத்தை மாற்றட்டுமா என்று கேட்டது, சரி என்றேன். திங்கட்கிழமை மறுபடி 1. இத்தகைய டிரைவுகளில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும் என்பதும், எத்தனை மாற்றம் மீதி என்பதைத் திரையில் அப்படிக் கேட்கும் பெட்டியிலேயே காட்டுகிறது என்பதும் என் கண்ணில் படவில்லை. நான்காவது மாற்றம் 5 என்றுதான் நினைத்தேன். ஐந்தாவது 1ஆக இருந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். நடுவில் ஒருமுறை அவசரத்தில் 2 என்று அழுத்தியிருந்தேன் போலும், கடைசி மாற்றம் 5இல் வந்து பூட்டிக்கொண்டது. இன்னொரு டிரைவ், இன்னொரு 1,950. அதன் மேல் மார்க்கரில் '1, தொடாதே' என்று எழுதி ஒட்டினேன். வெளிநாட்டு வட்டு வாங்குகிறவர்கள் அட்டையின் பின்புறத்தில் பூகோள உருண்டைக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடைசி சீசனின் இறுதி இரண்டு எபிசோடுகள் எடுக்கப்படாமல் இருந்தபோது கொரோனாவால் படப்பிடிப்பு நின்று, பல மாதம் கழித்துத்தான் முடித்தார்கள். அந்த வெறுமை திரையில் தெரிகிறது. தெருக்களில் ஆளே இல்லை. எனக்கு அது பொருத்தமாகவே இருந்தது. அழுதேனா என்றால், அழுதேன். பதினான்கு மாதம் கூடவே இருந்தவர்கள் போனதற்கான அழுகை அது. அந்தக் கதைக்காக அழுததாகச் சொல்ல முடியவில்லை. பிந்தைய 223 எபிசோடுகளில் திரும்பப் பார்க்கத் தகுந்தவை என்று நான் எடுத்துக் கொடுப்பவை மிகச் சில. அண்ணன் தம்பியாக நடிக்கும் நடிகர்கள் இருக்கும் நிஜ உலகத்தில் அந்த அண்ணன் தம்பியே போய் விழும் 'த ஃபிரெஞ்ச் மிஸ்டேக்', முழுவதும் காருக்குள்ளிருந்தே படமாக்கப்பட்ட 'பேபி', கேலிச்சித்திர நாய் ஸ்கூபி-டூவோடு சேர்ந்து பேய் பிடிக்கும் 'ஸ்கூபிநேச்சுரல்', முந்நூறாவது எபிசோடான 'லெபனான்'. இவற்றில் முதல் மூன்றும் தனிக்கதைகள் என்பதைக் கவனியுங்கள். பேய்த் தொடரின் உயிர் தனிக்கதையில்தான் இருக்கிறது. இன்றைக்கு வரும் எட்டு, பத்து எபிசோடுத் தொடர்களில் பல, ஒரு திரைப்படத்தை இழுத்து நீட்டியதைப் போல இருப்பதற்கு அது இல்லாததே காரணம். 2018இல் வந்த 'த ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' மட்டும் இதற்கு விலக்கு; அதில் முதல் ஐந்து எபிசோடுகளும் உடன்பிறந்தார் ஒவ்வொருவரைப் பற்றிய தனித்தனிக் கதைகளாகவே ஆகிவிடுகின்றன. பின்னணி இருட்டில் சத்தமில்லாமல் நிற்கும் உருவங்களைத் தேடியே அதை இரண்டாம் முறை பார்த்தேன்.

அந்த ஆகஸ்டுக்குப் பிறகு சில மாதங்கள் திரைப்படங்களை மட்டுமே பார்த்தேன். பத்தியச் சாப்பாட்டைப் போல. 2009இல் வந்த 'ஈரம்' படத்தை மறுபடி பார்த்தபோதுதான் நான் தொலைத்தது என்ன என்று தெரிந்தது. அந்தப் பேய் தண்ணீர் வழியாக மட்டுமே வரும். அந்த ஒரு விதியால், ஒழுகும் குழாயும் ஈரக் கால்தடமும் போதும், முதுகு சில்லிடுகிறது. ஜப்பானிய 'ரிங்' படத்தில் ஏழு நாள் என்ற ஒரே கெடு, படம் முழுவதையும் தாங்குகிறது. 'யாவரும் நலம்' படத்தின் நாயகன், தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் தன் குடும்பத்தின் கதையே ஓடுவதைக் கண்டு, அதை விட முடியாமல் நாள்தோறும் பார்ப்பான். அவனைப் பார்த்து இம்முறை எனக்குச் சிரிப்பு வந்தது. 'காஞ்சனா' வெற்றிக்குப் பிறகு நம் ஊரில் பேயும் சிரிப்புமாக வந்த படங்களை நான் ஒதுக்குவதில்லை; கூட்டத்தோடு திரையரங்கில் பார்க்க அவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பேயால் எதுவும் முடியும் என்று ஆன பிறகு, அதற்குப் பயப்படுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

சென்ற ஆண்டு 'சூப்பர்நேச்சுரல்' முதல் ஐந்து சீசன்களின் பெட்டிகளையும் வாங்கினேன். இந்த விஷயத்தில் நான் செலவழித்ததில் வருத்தப்படாத ஒரே பணம் அது. ஒரு ஞாயிறு மாலை, வாடகை கொடுக்கப் போனபோது வீட்டுக்கார அம்மா, "அப்ப அலறிச்சே, அது என்ன கதைன்னு ஒரு நாள் காட்டுங்க தம்பி" என்றார். விளக்கைப் போட்டே வைத்துக்கொண்டு முதல் எபிசோடைக் காட்டினேன். நெடுஞ்சாலையில் வெள்ளை உடையில் நின்று வண்டியை மறிக்கும் பெண்ணின் கதை அது; உயிரோடு இருந்தபோது கணவனின் துரோகத்தால் மனம் பேதலித்துத் தன் பிள்ளைகளைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றவள். வசனங்களை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். விடுதி அறையின் தரையில் உப்பைக் கொட்டியிருப்பதைப் பார்த்ததும், "லட்சுமியாச்சே, அதைப் போய்க் கீழ கொட்டலாமா" என்றார். பிள்ளைகளின் கதை வந்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம நல்லதங்காள் கதைதான். அவளைத் துரத்தவாவது மூளி அலங்காரி இருந்தா, இவளுக்குக் கட்டினவனே போதும்" என்றார். முடிந்த பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, இன்னும் எத்தனை பாக்கி இருக்கிறது என்று கேட்டார்.

"நூத்தி மூணு அம்மா" என்றேன்.